மைட்டோகாண்ட்ரியாவின் எழுத்துப்பிழைகள்

மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக டி.என்.ஏ. உண்டு என்பது 1963இல் தெரியவந்தது. ஸ்டாக்ஹோமில் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் ஆகிய இருவரும் கோழிக்கருவின் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மெல்லிய நார்கள் தென்பட்டன. டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்ததும் அவை மறைந்தன. அடுத்த ஆண்டே வியன்னாவில் காட்ஃப்ரீட் ஷாட்ஸ் குழுவினர் ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துக் காட்டினர். விலங்குகளில் அது முனையற்ற வளையம் என்பது 1966இல் தெளிவாயிற்று.

அந்த வளையம் எப்படி நகலாகிறது என்பதே அடுத்த கேள்வி. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரோம் வினோகிராட் குழுவினர் எலியின் செல்களைக் கொண்டு 1972இல் ஒரு விளக்கம் தந்தனர். வளையத்தின் இரு இழைகளும் எடையில் சற்று வேறுபடுவதால் ஒன்று கன இழை, மற்றது இலகு இழை எனப்படும். முதலில் புதிய கன இழை வளரத் தொடங்கி, பழைய கன இழையைத் தள்ளிக்கொண்டே போகிறது. வளையத்தில் மூன்றில் இரண்டு பங்கு கடந்த பிறகுதான் எதிர் இழையின் நகலாக்கம் தொடங்குகிறது. அதுவரை தள்ளப்பட்ட இழை இணையின்றித் தனியே கிடக்கிறது. 2000இல் இயன் ஹோல்ட், ஹோவர்ட் ஜேக்கப்ஸ் ஆகியோர் இரு இழைகளும் சேர்ந்தே நகலாவதற்குச் சான்று காட்டி மாற்றுக் கருத்தை முன்வைத்தனர். ஆனாலும் இழை தனித்துக் கிடக்கும் அந்த இடைவெளி, பின்னாளில் பிழைகளின் மூலத்தைத் தேடியவர்களுக்கு முக்கியத் தடயம் ஆனது.

மனித மைட்டோகாண்ட்ரியாவின் முழு வரிசையை 1981இல் கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் சாங்கரின் ஆய்வகம் வெளியிட்டது. 16,569 கார இணைகள், 37 மரபணுக்கள். அவற்றில் 13 புரதங்களுக்கானவை. எஞ்சியவை அந்தப் புரதங்களைக் கட்டத் தேவையான ஆர்.என்.ஏ.க்களுக்கானவை. வளையத்தை நகலெடுக்கும் நொதிக்கான மரபணு அதில் இல்லை. அது உட்கருவிலிருந்து வரவேண்டும். 1999இல் அந்த வரிசையை மீண்டும் சரிபார்த்தபோது சில எழுத்துகள் தவறாகப் படிக்கப்பட்டிருந்ததும், ஓரிடத்தில் ஒரே காரம் இரண்டாகப் பதிவாகியிருந்ததும் தெரிந்தது.

இதற்கிடையே 1979இல் பெர்க்லியில் வெஸ்லி பிரவுன், ஆலன் வில்சன் ஆகியோர் குரங்கினங்களின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.க்களை ஒப்பிட்டனர். உட்கரு டி.என்.ஏ.வைவிடச் சுமார் 10 மடங்கு வேகத்தில் அது மாறிவந்திருந்தது. மாற்றங்களில் பெரும்பாலானவை ஒரே வகை: டி.என்.ஏ.வின் எழுத்துகளான அடினைனும் குவானைனும் தமக்குள் இடம் மாறுவது, அல்லது சைட்டோசினும் தைமினும் தமக்குள் இடம் மாறுவது. வேகத்துக்குக் காரணம் என்ன என்பதில் கருத்து பிரிந்தது.

ஓலைச்சுவடியில் பாடம் கெடுவதற்கு இரு வழிகள் உண்டு. ஓலையைக் கரையான் அரிப்பது ஒன்று. படியெடுத்தவர் கை தவறுவது மற்றொன்று. மைட்டோகாண்ட்ரியா பற்றிய விவாதமும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் நடந்தது. அமெரிக்க மருத்துவர் டென்ஹம் ஹார்மன் 1956இல் முன்வைத்து 1972இல் மைட்டோகாண்ட்ரியாவுக்கு விரிவுபடுத்திய கொள்கை முதல் வழியைச் சார்ந்தது. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் இடத்திலேயே தீவிர வினைத்திறன் கொண்ட துணுக்குகளும் உருவாகின்றன; அவை அருகிலுள்ள டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன; முதுமை அதன் விளைவு என்றார் அவர். புறஊதாக் கதிரால் விளையும் சேதத்தை மைட்டோகாண்ட்ரியா சீர்செய்வதில்லை என்று டேவிட் கிளேட்டன் 1974இல் காட்டியதும் இக்கொள்கைக்கு வலுச்சேர்த்தது. ஆக்சிஜன் தாக்கிய குவானைன் அடினைனுடன் தவறாக இணையும். அங்கே குவானைனுக்குப் பதில் தைமின் அமர்ந்துவிடும். சேதமே முதற்காரணம் என்றால் இவ்வகை மாற்றம் மிகுந்திருக்க வேண்டும்.

இரண்டாம் வழியை ஆராய, நகலெடுக்கும் நொதியை அறியவேண்டியிருந்தது. ஹெலா எனப்படும் மனித செல்களில் கண்டறியப்பட்ட பாலிமரேஸ் காமாதான் மைட்டோகாண்ட்ரியாவில் இப்பணியைச் செய்கிறது என்பது 1977இல் உறுதியானது. இந்த நொதி புதிய இழையில் எழுத்துகளைச் சேர்ப்பதோடு, மெய்ப்பும் பார்க்கிறது: தவறான எழுத்து அமர்ந்தால் பின்வாங்கி அதை வெட்டியெடுக்கிறது. 1980களின் பிற்பகுதியில் தாமஸ் குங்கெல் கோழிக்கருவின் நொதியில் இந்த வெட்டும் திறனை அளந்தார். மனித நொதியை 2001இல் வில்லியம் கோப்லாண்ட் ஆய்வகம் சோதித்தபோது, சுமார் 5 லட்சம் எழுத்துகளுக்கு ஒரு பிழைக்கும் குறைவாகவே அது தவறியது. மெய்ப்புத் திறனை நீக்கியபோது பிழைகள் 20 மடங்குக்கு மேல் பெருகின.

இவ்வளவு கவனமான நொதியாலும் பிழைகள் சேர்வதற்குக் காரணம் நகல்களின் எண்ணிக்கை. ஒரு செல்லில் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கான வளையங்கள் உள்ளன. நரம்பு, தசை போன்ற, பிரியாத செல்களிலும் அவை ஆயுள் முழுதும் நகலாகிக்கொண்டே இருக்கின்றன. குவானைனும் தைமினும் தவறாகக் கைகோத்து மெய்ப்பில் தப்பினால், அடுத்த நகலில் அது நிலையான மாற்றமாகிவிடும். ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடங்களில் இழை வழுக்கி, ஓரெழுத்து கூடும் அல்லது குறையும். டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களின் அளவு சமன்கெட்டாலும் பிழை கூடும். எடுத்துக்காட்டாக, தைமிடின் பாஸ்ஃபோரிலேஸ் நொதி குறைந்த நோயாளிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் குறிப்பிட்ட இடங்களில் சடுதிமாற்றங்கள் குவிந்திருப்பது 2003இல் தெரியவந்தது.

பெரிய துண்டுகள் காணாமற்போவதும் உண்டு. 1988இல் லண்டனில் இயன் ஹோல்ட், அனிதா ஹார்டிங், ஜான் மார்கன் ஹியூஸ் ஆகியோர் தசைநோயாளிகளிடம் இத்தகைய நீக்கங்களைக் கண்டனர். அவற்றில் அடிக்கடி காணப்படுவது 4,977 கார இணைகளின் இழப்பு. அத்துண்டின் இரு எல்லைகளிலும் 13 எழுத்துகள் கொண்ட ஒரே வரிசை இருப்பதை 1989இல் நியூயார்க்கில் எரிக் ஷோன் குழுவினர் காட்டினர். ஒரே சொல் இரண்டு வரிகளில் வந்தால், படியெடுப்பவரின் கண் முதல் வரியிலிருந்து இரண்டாம் வரிக்குத் தாவி இடைப்பட்டதை விட்டுவிடுவது போன்றது இது. நகலாக்கத்தின்போதே இத்தாவல் நிகழ்கிறது என்பதற்கு ஸ்வீடனில் மரியா ஃபால்கென்பெர்க் குழு 2019இல் சான்று தந்தது.

மனிதத் திசுக்களில் எந்தக் காரணம் மேலோங்குகிறது என்பதைப் பிழைகளின் வடிவமே காட்டிக்கொடுத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வில்லியம் தில்லி குழுவினர் 1990களில் வெவ்வேறு உறுப்புகளை ஒப்பிட்டபோது, சடுதிமாற்றங்கள் ஒரே இடங்களில் ஒரே வகையில் குவிந்திருந்தன. புகைபிடிக்கும் இரட்டையருக்கும் பிடிக்காத இரட்டையருக்கும் மூச்சுக்குழல் செல்களில் இந்த வடிவம் வேறுபடவில்லை. புகையிலையின் நச்சுப்பொருள்கள் இங்கே தனித் தடம் பதிக்கவில்லை. 2006இல் அதே குழு, சோதனைக்குழாயில் பாலிமரேஸ் காமா செய்யும் பிழைகளைத் திசுக்களின் பிழைகளோடு ஒப்பிட்டது, பெரும்பகுதி பொருந்தியது.

உயிருள்ள விலங்கில் சோதனை 2004இல் நடந்தது. கரோலின்ஸ்கா கழகத்தில் நில்ஸ் யோரான் லார்சன் குழுவினர், நொதியின் 257ஆம் அமினோ அமிலத்தை மாற்றி, மெய்ப்புத் திறனற்ற எலிகளை உருவாக்கினர். 25 வாரங்களிலேயே அவற்றுக்கு முடி கொட்டியது; முதுகு கூனியது; எலும்பு தேய்ந்தது; பாதி எலிகள் 48 வாரங்களுக்குள் இறந்தன. விஸ்கான்சினில் தாமஸ் புரோலா குழு 2005இல் இதே முடிவை எட்டியது. இந்த எலிகளில் ஆக்சிஜன் சேதம் கூடவில்லை என்பதுதான் ஹார்மனின் கொள்கைக்கு விழுந்த அடி. ஆயினும் 2007இல் லாரன்ஸ் லோப் ஆய்வகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது: மாற்றிய மரபணுவின் ஒரு பிரதி மட்டும் கொண்ட எலிகள் இயல்பைவிடச் சுமார் 500 மடங்கு புள்ளிப்பிழைகளைச் சுமந்தும் விரைவில் மூப்படையவில்லை.

மனிதரில் இந்த நொதியின் மரபணு பழுதாவது கண்தசை வாதத்துக்குக் காரணமாகலாம் என்பது 2001இல் பெல்ஜியத்தில் தெரிந்தது. பின்னர் குழந்தைகளின் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஆல்பர்ஸ் நோயும் இப்பட்டியலில் சேர்ந்தது. இத்தகைய நோயாளிகளுக்கு வலிப்புக்கான வால்புரோயேட் மருந்து கல்லீரலைச் செயலிழக்கச் செய்யக்கூடும் என்பதால் அது தவிர்க்கப்படுகிறது.

2013இல் லோப் ஆய்வகம் இரு இழைகளையும் தனித்தனியே சரிபார்க்கும் முறையால் மனித மூளைகளை ஆராய்ந்தது. முதியோரிடம் சடுதிமாற்றங்கள் கூடியிருந்தன. ஆனால் ஆக்சிஜன் சேதத்துக்குரிய குவானைன்–தைமின் மாற்றம் வயதோடு கூடவில்லை. 2014இல் 1,675 புற்றுக்கட்டிகளை ஆராய்ந்த குழு, சைட்டோசின் தைமினாகும் மாற்றம் பெரும்பாலும் கன இழையில் நிகழ்வதைக் கண்டது. நகலாக்கத்தின்போது தனித்துக் கிடக்கும் இழை அதுவே. அங்கு சைட்டோசின் தன் அமினோ தொகுதியை இழந்து யுராசில் ஆவது எளிது. நொதி அதைத் தைமினாகவே வாசிக்கும். இது வேதிச் சேதந்தான் என்றாலும், அதற்கு வாய்ப்பளிப்பது நகலாக்கத்தின் முறையே. இவ்வாறு 1972இல் வரையப்பட்ட வளையத்தின் படம், 42 ஆண்டுகள் கழித்துப் பிழைகளின் இருப்பிடத்தை விளக்க உதவியது.