உறைபனிச் சுமையும் கூரை அமைப்பும்

குளிர்ப் பிரதேசங்களில் பெய்யும் வெண்பனி, மழைநீரைப்போல் உடனே வழிந்தோடிவிடாமல் கூரைமீதே தங்கி நாளுக்கு நாள் இறுகுவதால், அங்கே வீடு கட்டுவோர் கூரையின் சொந்த எடையோடு இந்தச் சுமையையும் கணக்கிட வேண்டியவராகின்றனர். புதிய பனி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோகிராம் எடையுள்ளது. பல வாரங்கள் கிடந்து படிந்தால் அதுவே 250 முதல் 350 வரையும், நீரூறினால் 400 வரையும் ஏறுமாதலால், ஆழத்தை மட்டும் அளந்து சுமையை நிர்ணயிப்பது பிழையாகும்.

இவ்விஷயத்தில் அனுபவ ஞானத்தின் சிகரமாகக் கூறத்தக்கவை, ஜப்பானில் கிஃபு மாகாணத்து ஷிரகாவா-கோ, தொயாமா மாகாணத்து கொக்கயாமா ஆகிய மலைப்பகுதிகளின் ‘கஷ்ஷோ’ வீடுகள். குளிர்காலத்தில் இரண்டு மீட்டருக்கு மேலும் பனி குவியும் அப்பள்ளத்தாக்குகளில், கூப்பிய கரங்களைப்போல் ஏறத்தாழ 60 பாகை வரை சரிந்தெழுந்து முகட்டிற் கூடும் பருத்த கைமரங்கள், அடிமுனை கூராகச் செதுக்கப்பெற்று, உத்தரத்தின் கோடிகளில் குடைந்த குழிகளில் ஊன்றி நிற்கின்றன. ஆணியின்றி, வைக்கோற் கயிற்றாலும் ‘நெசோ’ எனப்படும் முறுக்கிய இளமரத் தண்டுகளாலும் பிணைக்கப்பெற்ற இச்சட்டம், பனி ஒரு பக்கம் மிகுந்து அழுத்தினும், பெருங்காற்று மோதினும், முறியாமல் சற்றே இசைந்து கொடுக்கிறது. முகடு பெரும்பாலும் வடக்கு தெற்காக ஓடுவதால் காலை வெயில் ஒரு சரிவுக்கும் மாலை வெயில் மறு சரிவுக்கும் கிட்டி, இரு புறத்துப் பனியும் உருகுகிறது; எனினும், இத்தனை செங்குத்தான கூரையிலும் சில வேளை ஆட்கள் ஏறிப் பனியைத் தள்ளுவதுண்டு. கீழ்ப்பகுதியைத் தச்சர் அமைக்க, கூரையை ஊரார் ‘யுய்’ என்னும் பரஸ்பர உழைப்பு முறையில் எழுப்பி வேய்வது சம்பிரதாயம். புல்வேய்ச்சல் 30, 40 ஆண்டுகளுக்கொருமுறை மாற்றப்பெறும். பரணில் பட்டுப்புழு வளர்ப்பதற்கு இடம் வேண்டியே சரிவை இவ்வளவு உயர்த்தினர் என்பாரும் உளர். பனியே மூலகாரணம், புழு பின்வந்த லாபம் என்று கொள்வதே பொருந்தும். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் புரூனோ டவுட் 1935-இல் இவ்வீடுகளைக் கண்டு போற்றினார். 1995-இல் இங்குள்ள மூன்று கிராமங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

தட்டைக் கூரையின் அபாயத்திற்கு, 1922 ஜனவரி 28 அன்று வாஷிங்டன் நகரில் நிக்கர்பாக்கர் தியேட்டரின் கூரை பனிப்பாரத்தால் வீழ்ந்து 98 பேர் மாண்டது சான்று. போலந்தின் கத்தோவித்சே நகரருகே பொருட்காட்சி மண்டபமொன்று 2006-இல் இவ்வாறே இடிந்தது.

தற்காலத்து ஐரோப்பியத் தரநூல், சாதாரணச் சரிவுக் கூரைகளில், 30 பாகை வரை தரைப்பனிச் சுமையில் ஐந்தில் நான்கு பங்கையும், அதற்குமேல் படிப்படியாகக் குறைத்து, பனி தடையின்றிச் சறுக்குமாயின் 60 பாகையில் சூனியத்தையும் விதிக்கிறது. இந்தியாவில் பனிச்சுமைக்கு ஐ.எஸ். 875 தரநூலின் நான்காம் பாகம் வழக்கிலுள்ளது.