நோயால் தொழில் நின்றால் எங்கே விண்ணப்பிப்பது?

சிறுநீரக நோயால் 47 வயதில் என் தொழில் நின்றது. 55 வயதுக்கு முன் சேமலாப நிதியைத் தொட ஏலாது என்று பலரும் சொன்னார்கள். அது முழு உண்மையல்ல.

ஊழியர் சேமலாப நிதியைப் பெற ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது என்பது பொதுவிதி. நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலை செய்ய இயலாதவர் என மருத்துவச் சான்றிதழ் இருந்தால் அதற்கு முன்பே கோரலாம். சான்றிதழில் நோயின் பெயர் மட்டும் போதாது. இனி வேலை செய்ய இயலாது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தொழில் அலுவலகத்தில் கொடுக்கலாம்.

அடுத்தது பணிக்கொடை. 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டுகள் பூர்த்தியானால், மாதச் சம்பளம் பெறுபவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் சேரும். நோயால் விலகினாலும் இந்த உரிமை உண்டு. என் வேலைத்தலத்தில் எவரும் இதைச் சொல்லவில்லை. கடிதம் எழுதித்தான் பெற்றேன்.

மூன்றாவது மாதாந்தக் கொடுப்பனவு. குறைந்த வருமானமுள்ள சிறுநீரக நோயாளர், மாற்றுத்திறனாளிகளுக்கான தொகை 2025இல் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்தது. கிராம உத்தியோகத்தரைச் சந்தித்துவிட்டுப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

முதலிரண்டும் நாங்கள் உழைத்த காசு. மூன்றாவது அரச உதவி. ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றவை தாமாக வராது. கொடுக்கும் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒரு பிரதி எடுத்து, திகதி முத்திரையுடன் வைத்திருங்கள்.