39 பல்லும் 43 பல்லும்

சரித்திரம் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவுக்கு வருகின்றன. ஓர் இரும்புச் சக்கரத்தின் பற்களிலும் சரித்திரம் பொறிக்கப்பட்டிருக்கலாம் என்பதற்குப் பழைய ஜீப் வண்டியைச் சான்றாகக் கூறுகிறேன்.

1940ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம், நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் இலேசான வண்டி ஒன்றை நாடியது. பென்சில்வேனியா மாநிலத்து பாண்டம் கம்பெனி முதல் மாதிரியைச் செய்தளித்தது. பின்னர் 1945 வரையில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளும் 6 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. இராணுவ ஏடுகளில் அதன் பெயர் 'கால் டன் டிரக்' என்பதே.

அதன் முன் அச்சிலும் பின் அச்சிலும் ஒரே அளவுள்ள பல்சக்கரங்கள் அமைந்திருந்தன. பினியனுக்கு 8 பற்கள், கிரவுனுக்கு 39. எனவே வண்டிச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, புரொப்பல்லர் ஷாஃப்ட் 4⅞ சுற்றுச் சுற்றவேண்டும். சாலையில் விரைந்தோட வேண்டிய போர் வண்டிக்கு அது பொருந்திற்று.

1945இல் வில்லிஸ் கம்பெனி இவ்வண்டியைத் திருத்தியமைத்து, 'சிஜே-2ஏ' என்ற பெயரில் உழவர்களுக்கு விற்கத் தொடங்கியது. கலப்பை இழுக்கும் வண்டிக்கு வேகத்தைவிட இழுவிசையே முக்கியம் அல்லவா? ஆகவே கிரவுனின் பற்கள் 43 ஆயின. விகிதம் 5⅜ ஆயிற்று. ஆயினும் இவ்விரு வண்டிகளின் முன் அச்சுகளும் வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றே.

தொல்லை இங்கேதான் பிறக்கிறது. போர் ஜீப்பின் முன் அச்சு பழுதானால், உழவு ஜீப்பின் அச்சை எடுத்துப் பொருத்திவிடலாம். பின் சக்கரங்களால் மட்டும் ஓடும்வரை குற்றம் ஒன்றும் புலப்படாது. நான்கு சக்கர இயக்கத்தில் போட்டவுடனோ, இரு ஷாஃப்டுகளும் ஒரே வேகத்தில் சுழலும். பின் சக்கரங்கள் 43 அடி செல்லும் நேரத்தில் முன் சக்கரங்கள் 39 அடியே செல்ல முற்படும். சேற்று நிலத்தில் சக்கரம் வழுக்கி இப்பிணக்கைத் தீர்த்துக்கொள்ளும். கெட்டியான சாலையிலோ முறுக்கு ஏறிக்கொண்டே போகும். கியர்த் தண்டு இறுகும். முடிவில் பல்லோ ஷாஃப்டோ முறியும். மலைச்சாலையில் அது நேர்ந்தால், இழப்பு இரும்போடு நில்லாது.

கண்டறியும் வழி எளிது. வண்டி நகராதபடி கட்டை கொடுத்து, கியர்களை நியூட்ரலில் விட்டு, அச்சின் ஒரு சக்கரத்தை மட்டும் உயர்த்துங்கள். ஷாஃப்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இட்டு, உயர்த்திய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். மறு சக்கரம் நிலத்தில் அசையாதிருப்பதால், இரண்டு சுற்றே கணக்கில் ஒரு சுற்றாகும். ஷாஃப்ட் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணுங்கள். 4⅞ ஆனால் போர் ஜீப்பின் விகிதம். 5⅜ ஆனால் உழவு ஜீப்பினது. இரண்டுக்கும் வேறுபாடு சரியாக அரைச் சுற்று. ஆகவே ஒன்றில் கோடு நிற்கும் இடத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில் மற்றொன்றின் கோடு நிற்கும். முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் இவ்வாறே சோதித்தல் வேண்டும்; நான்கு டயர்களும் ஒரே அளவினவாக இருத்தலும் அவசியம்.

பின்னக் கணக்கு வாழ்க்கைக்கு எதற்கு என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. அரைச் சுற்றைப் பிரித்தறியத் தெரிந்தவன் போருக்குப் பிறந்த அச்சையும் வயலுக்குப் பிறந்த அச்சையும் ஒரே வண்டியில் பூட்டமாட்டான்.