வளர்ச்சிக் குறைபாடு உடையோரின் வாய்நலம்: வரலாறு

ஆட்டிசம், பெருமூளை வாதம், டவுன் நோய்க்குறி, அறிவுசார் குறைபாடு ஆகியவை வளர்ச்சிக் குறைபாடுகள் எனப்படுகின்றன. இவற்றை உடையோரிடம் ஈறு அழற்சியும் சிகிச்சை பெறாத பற்சொத்தையும் மிகுதியாகக் காணப்படுகின்றன. சொத்தை பற்றிய ஓர் அடிப்படை உண்மை இவர்களைக் கொண்டே அறியப்பட்டது; அதன் பயன் இவர்களுக்குத் தாமதமாகவே கிட்டியது.

விபேஹோல்ம் ஆய்வு

சுவீடனின் லுண்ட் நகரிலிருந்த விபேஹோல்ம் மருத்துவமனையில் 1945-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. அங்கு வாழ்ந்த அறிவுசார் குறைபாடு உடையோருக்குப் பல்லில் ஒட்டும் டாஃபி மிட்டாய் தரப்பட்டது. உணவு வேளைகளுக்கு இடையே ஒட்டும் இனிப்பை அடிக்கடி உண்பதே சொத்தையைப் பெருக்குகிறது என 1954-இல் வெளியான முடிவுகள் காட்டின. பங்கேற்றவர்களிடம் ஒப்புதல் பெறப்படவில்லை. பலருடைய பற்கள் கெட்டன. மருத்துவ அறநெறிக்கு மாறான ஆய்வுகளுள் ஒன்றாக இது இன்று குறிப்பிடப்படுகிறது.

ஈறும் உமிழ்நீரும்

வலிப்பு நோய்க்கு 1938-இல் பயன்பாட்டுக்கு வந்த ஃபெனிட்டாயின் ஈறுகளைத் தடிக்கச் செய்வது அடுத்த ஆண்டே பதிவாயிற்று. டவுன் நோய்க்குறியில் நோயெதிர்ப்பு வேறுபாட்டால் ஈறு நோய் இளவயதிலேயே வரும். பெருமூளை வாதத்தில் விழுங்குவதும் பல் துலக்குவதும் கடினம். ஈறு அழற்சியுறும்போது இன்டர்லூக்கின் போன்ற புரதங்கள் உமிழ்நீரில் கூடுகின்றன. ஊசியின்றிப் பஞ்சில் உமிழ்நீரை எடுக்கலாம் என்பதால், வலியைச் சொல்ல இயலாதவரின் ஈறு நிலையை அறிய இவ்வழி ஆராயப்படுகிறது.

சட்டமும் மாவட்டமும்

இந்தியாவில் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றை உடையோருக்கென இயற்றப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டு அருகிலேயே இலவச மருத்துவத்தையும் சிகிச்சையில் முன்னுரிமையையும் கூறுகிறது. ஊரகப் பகுதிகளைத் தனியே சுட்டுகிறது.

1993-இல் உருவான விழுப்புரம் மாவட்டம் வேளாண்மையைச் சார்ந்தது. இதன் அரசு மருத்துவக் கல்லூரி 2010-இல் முண்டியம்பாக்கத்தில் தொடங்கப்பட்டது. நாற்காலியில் அமர இயலாதவருக்கு மயக்க மருந்து தந்தே பல் சிகிச்சை செய்ய நேரிடலாம். அதற்கு அறுவை அரங்கும் மயக்கவியல் மருத்துவரும் வேண்டும். திண்டிவனத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் கூலிக் குடும்பங்களுக்கு ஒவ்வொரு மருத்துவமனைப் பயணமும் ஒரு நாள் கூலி இழப்பு. எனவே நோய் முற்றுமுன் தடுப்பதே இவர்களுக்கு ஏற்றது. தினமும் இருவேளை ஃபுளோரைடு பற்பசையால் பராமரிப்பவர் துலக்கிவிடுதல், இனிப்பான மருந்துப் பாகு கொடுத்தபின் வாயைத் துடைத்தல், பயிற்சியின்போது பரிசாக மிட்டாய் தருவதைத் தவிர்த்தல் ஆகியவை வீட்டிலும் சிறப்புப் பள்ளியிலும் செய்யக்கூடியவை. மிட்டாய் பற்றிய எச்சரிக்கை விபேஹோல்ம் நோயாளிகளின் பற்களிலிருந்து கிடைத்ததாகும்.