டிரையர் சுற்றுகிறது, சூடு வரவில்லை: எங்கே பார்ப்பது?

பிற்பகல் மழை பிடித்துக்கொண்டால் கிள்ளான் தாமான் வீட்டுக் கொடியிலும் சரி, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி பால்கனியிலும் சரி, துணி காய்வதில்லை. அதனாலேயே பல வீடுகளில் டிரையர் இடம்பிடித்துவிட்டது. டிரம் சுற்றியும் துணி ஈரமாகவே வந்தால், ஆள் கூப்பிடுவதற்கு முன் சிலவற்றை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

ஹீட் பம்ப் வகை டிரையர் குறைந்த வெப்பத்தில்தான் வேலை செய்யும். உள்ளே கை வைத்தால் இளஞ்சூடாக மட்டும் இருப்பது பழுதல்ல. மற்ற வகைகளில், சூடில்லாத ‘கூல்’ அல்லது ‘ஏர்’ நிலையில் சுவிட்ச் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். துணி சொட்டச் சொட்ட உள்ளே போகிறது என்றால் குறை சலவை இயந்திரத்தின் பிழியும் வேகத்தில் இருக்கலாம்.

இணையக் காணொளிகளில் அமெரிக்கர்கள் ‘பிரேக்கர் பாதி விழுந்திருக்கும், அதைப் பாருங்கள்’ என்பார்கள். அங்கே மோட்டாருக்கு 120 வோல்ட், சூட்டுக் கம்பிக்கு 240 வோல்ட் என்பதால் மோட்டார் ஓடியும் சூடு இல்லாமல் போகலாம். நம் வீடுகளில் இரண்டுக்கும் ஒரே 13 அம்பியர் பிளக் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. டிரம் சுற்றினாலே பிளக் பியூஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

பெரும்பாலும் சிக்கல் காற்றோட்டத்தில்தான். வடிகட்டி வலையைக் கழற்றிக் குழாயடியில் பிடியுங்கள். தண்ணீர் இறங்காமல் தேங்கினால், துணியை மென்மையாக்கும் தாள்களின் மெழுகு அதில் படிந்திருக்கிறது. சோப்பு நீரில் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். வென்டட் வகையில் பின்புறக் குழாய் சுவரோடு நசுங்கியிருக்கிறதா, பஞ்சுத்தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கண்டென்சர் வகையில் கண்டென்சரையே கழற்றிக் கழுவ முடியும்.

காற்று அடைத்தால் உள்ளே வெப்பம் ஏறும், அப்போது தெர்மல் பியூஸ் அறுந்து சூட்டை நிறுத்திவிடும். பெரும்பாலும் அது ஒருமுறைதான் பயன்படும், மாற்றத்தான் வேண்டும். சிலர் அதை எடுத்துவிட்டு ஒயரை ‘டைரக்ட்’ கொடுத்துவிடுவார்கள். அதற்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். தீப்பிடிக்காமல் தடுப்பதே அந்தச் சின்ன பாகம்தான். அடைப்பை எடுக்காமல் பியூஸை மட்டும் மாற்றினால் அதுவும் விரைவில் அறுந்துபோகும்.

பியூஸும் தெர்மோஸ்டாட்டும் சரியாக இருந்தால் அடுத்தது சூட்டுக் கம்பி. பிளக்கைக் கழற்றிய பின் மல்டிமீட்டரில் பார்த்தால், 2,000 வாட் கம்பி ஏறக்குறைய 26 ஓம் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. பழக்கமில்லாதவர்கள் பின் மூடியைத் திறக்க வேண்டாம். ஹீட் பம்ப் வகையில் குளிர்வாயு இருப்பதால் அதைக் கம்பெனி ஆளிடமே விட்டுவிடுவது நல்லது.

பிளக்கோ சாக்கெட்டோ பழுப்பேறியிருந்தால் டிரையரை அதில் மீண்டும் சொருகாதீர்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரில் போட்டு ஓட்டுவோர் வீட்டில் இது சகஜம். சாக்கெட்டை மாற்ற எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். அதுவரை டோபி கடை இருக்கிறது.