உணவின் நன்மையும் தீங்கும்: பக்தாதில் பிறந்த ஓர் அட்டவணை நூல்

உண்பது ஹலாலா என்று நாம் தவறாமல் விசாரிக்கிறோம். திருமறையோ ஹலாலுடன் 'தய்யிப்', அதாவது நல்லது, என்ற சொல்லையும் சேர்த்தே கூறுகிறது. உடலுக்கு நல்லது எது என்பதை முஸ்லிம் உலகின் மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

11-ஆம் நூற்றாண்டில் பக்தாதைச் சேர்ந்த இப்னு புத்லான் 'தக்வீமுஸ் ஸிஹ்ஹா' என்னும் நூலை அரபியில் இயற்றினார். அவர் கிறிஸ்தவர்; அக்கால மருத்துவம் பல சமயத்தாரும் சேர்ந்து வளர்த்த கலையாகும். வானியல் அட்டவணைகளின் முறையில் பழம், இறைச்சி, பால், இனிப்பு முதலியவற்றைக் கட்டங்களில் வகுத்தார். ஒவ்வோர் உணவின் பயன் என்ன, தீங்கு என்ன, அத்தீங்கை நீக்கும் வழி என்ன, எந்த உடல்வாகுக்கும் வயதுக்கும் பருவத்துக்கும் அது ஏற்றது என்பவற்றை அக்கட்டங்கள் கூறின. உறக்கமும் உடலுழைப்பும் மனநிலையும்கூட அதில் இடம்பெற்றன. பின்னர் அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பரவியது.

அவர் சார்ந்திருந்த நான்கு உடல்நீர்க் கொள்கையை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆயினும், ஒருவருக்கு நன்மை தரும் உணவு மற்றவருக்குத் தீங்காகலாம் என்ற அவரது கணிப்பு இன்றும் பொருந்தும்.

நம் விருந்துகளிலோ சர்க்கரை நோயுள்ள பெரியவருக்கும் வளரும் சிறுவனுக்கும் ஒரே சஹனில் ஒரே பிரியாணி, ஒரே இனிப்பு. போதும் என்றால் வருந்துகிறோம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததைத் திர்மிதீயில் காண்கிறோம். விருந்தினரை வற்புறுத்தாதிருப்பதும் உபசரிப்பே.

உடல்நலம் என்னும் அமானிதத்தைப் பேண வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.