நூலகருக்கும் ஒரு பள்ளிக்கூடம்

"புத்தகம் எடுத்துக் கொடுக்கக்கூடப் படிக்கணுமாடா?" என்று நண்பன் கேட்டான். அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திய சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். நூலகப் பயிற்சி துளியும் கிடையாது. ஆளில்லாத இடத்தில் சும்மா உட்காரப் பிடிக்காமல், சில நாட்களிலேயே கல்லூரிக்குத் திரும்பக் கேட்டாராம்! லண்டனில் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லையென்றால் பார்க்கலாம் என்றார்கள். அங்கே பெர்விக் சேயர்ஸிடம் படித்து, ஏராளமான நூலகங்களைச் சுற்றிப் பார்த்து 1925-ல் திரும்பியவர், பழைய வேலையைக் கேட்கவேயில்லை.

பரோடாவிலும் (1911) லாகூரிலும் (1915) அமெரிக்கர்கள் ஏற்கெனவே பயிற்சி நடத்தியிருந்தார்கள். சென்னையில் 1929-ல் கோடைப் பள்ளியாக அதைத் தொடங்கியவர் ரங்கநாதன்தான். நடத்தியது சென்னை நூலகச் சங்கம். 1931-ல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. 1937-ல் ஒரு வருடப் பட்டயப் படிப்பானது.

அப்படி என்னதான் சொல்லிக் கொடுப்பார்கள்? எங்கள் கொடும்பாளூர் மூவர் கோவிலைப் பற்றி ஒரு புத்தகம் வருகிறது. எந்த அலமாரியில் வைப்பது? தப்பான இடத்தில் போய்விட்டால், தேடி வருபவர் 'இல்லை' என்று திரும்பிவிடுவார்.

நண்பனிடம் கேட்டேன். "வரலாறு" என்றான். பக்கத்திலிருந்தவன் "கட்டடக்கலை" என்றான். இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.